மாவட்டக் கூடைப்பந்துக்கு 24 விநாடிக் கடிகாரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையிலும் திருவிழா நாட்களிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் நடக்கும் மின்னொளிக் கூடைப்பந்துப் போட்டிகளின் முடிவுகள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வருகின்றன. பெரியவர்கள் ஆடும் ஓப்பன் பிரிவிலேயே முப்பது சொச்சம், நாற்பது சொச்சம் என்று முடிகிற ஆட்டங்கள் நிறைய. "நம்ம பசங்களுக்கு ஷூட்டிங் போதாது" என்று பார்வையாளர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிக்குக் காரணம், ஸ்கோர் மேசையில் ஷாட் கிளாக் இல்லாதது; பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று எண்ணிக் காட்டும் கடிகாரம் அது.

கடைசிக் கால்பகுதியில் ஐந்து நிமிடம் பாக்கி இருக்கும். ஓர் அணி ஆறு புள்ளி முன்னிலை. அதன் பாயின்ட் கார்டு நடுக்கோட்டைத் தாண்டியதும் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்பார். விங்கில் இருப்பவரிடம் தருவார், திரும்ப வாங்குவார், மறுபக்கம் தருவார். எதிரணி கூடையைச் சுற்றி நிற்கும் ஸோன் தடுப்பை விட்டு வெளியே வந்தால் உள்ளே வழி திறந்துவிடும். வராவிட்டால் நேரம் ஓடிவிடும். கடைசியில் பொறுமை போய்க் கையைப் பிடித்து இழுப்பார்கள். விசில், ஃப்ரீ த்ரோ, மறுபடி விசில். அந்த ஐந்து நிமிடத்தில் கூடையை நோக்கிப் போன பந்துகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆட்டக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விதி தடுக்கவில்லை, கோச் சொல்கிறார், அவர் செய்கிறார்.

இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு தள்ளாடிய அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ., 1954-55 சீசனில் கொண்டுவந்த ஒரு விதியால்தான் நிமிர்ந்தது. எழுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கதை ஓசூருக்கு எதற்கு என்று கேட்கலாம். அன்று அங்கே ஆடிய ஊர்களைப் பார்த்தால் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. சிரக்யூஸ், ஃபோர்ட் வேன், ராச்செஸ்டர் எல்லாம் நடுத்தரத் தொழில் நகரங்கள். ஃபோர்ட் வேன் அணிக்கு 'பிஸ்டன்ஸ்' என்ற பெயர் வந்ததே, அதன் முதலாளி ஃப்ரெட் ஸோல்னரின் ஆலை எஞ்சின் பிஸ்டன் செய்ததால்தான். வண்டி உதிரிபாகங்கள் செய்து பிழைக்கும் ஓசூருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் 1950 நவம்பர் 22. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற 6 அடி 10 அங்குல சென்டர் இருந்தார். கூடைக்குக் கீழே அவரை நிறுத்த ஆளில்லை. ஃபோர்ட் வேன் கண்டுபிடித்த வழி எளியது: பந்து தங்களிடம் இருக்கும்வரை மைக்கனால் புள்ளி எடுக்க முடியாது, ஆகவே பந்தை எறியாமல் வைத்துக்கொண்டே இருப்பது. அப்படியே செய்தார்கள். 48 நிமிட ஆட்டம் 19-18 என்று ஃபோர்ட் வேன் பக்கம் முடிந்தது. இரு அணிக்கும் தலா நான்கே கூடைகள். மற்றதெல்லாம் ஃப்ரீ த்ரோ. லேக்கர்ஸின் 18-இல் 15 மைக்கன் எடுத்தது. கடைசிக் கால்பகுதியின் ஸ்கோர் 3-1. என்.பி.ஏ. வரலாற்றில் மிகக் குறைந்த ஸ்கோர் இன்றுவரை இதுதான். மறு வருடம் கூடைக்கு முன்னுள்ள தடைப்பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். மைக்கனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த அது உதவியது. பந்தை வைத்துக்கொண்டு நிற்பவரை அது ஒன்றும் செய்யவில்லை.

பந்தைப் பிடித்துவைப்பதற்கு மறுபக்கம் ஃபவுல். பின்தங்கிய அணிக்குப் பந்து வேண்டுமென்றால் ஃபவுல் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. 1953 மார்ச் 21-இல் பாஸ்டன் செல்டிக்ஸும் சிரக்யூஸ் நேஷனல்ஸும் மோதிய பிளே-ஆஃப் ஆட்டம் நான்கு ஓவர்டைம் போய் 111-105 என்று முடிந்தது. பாப் கூஸி 50 புள்ளி எடுத்தார், அதில் 30 ஃப்ரீ த்ரோ. கூஸியின் பெருமைக்கு அது சரி. டிக்கெட் வாங்கி வந்தவர் பார்த்தது, ஓர் ஆள் கோட்டில் நின்று பந்தெறிந்ததை. 1953-54 சீசனில் அணிக்குச் சராசரி 79.5 புள்ளி.

சிரக்யூஸ் அணியின் முதலாளி டேனி பியாசோன், பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) மையம் நடத்தியவர்; கூடைப்பந்து ஆடியவர் இல்லை. அவரும் அணி நிர்வாகி லியோ ஃபெரிஸும் போட்ட கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ரசிகர் விரும்பிப் பார்த்த நல்ல ஆட்டங்களில் அணிக்குச் சுமார் 60 ஷாட், இரண்டுக்கும் சேர்த்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. அந்த வகுத்தல் யாருடையது என்பதில் இன்றைக்கும் பியாசோன் கட்சி, ஃபெரிஸ் கட்சி என்று இரண்டு உண்டு. புகழில் பெரும்பங்கு பியாசோனுக்கே போயிற்று; ஃபெரிஸுக்குக் கிடைத்தது நியாயமான பங்கு இல்லை என்பது எங்கள் கருத்து. 1954 ஏப்ரலில் லீக் இதை ஏற்றது. ஆகஸ்டில் சிரக்யூஸில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1954 அக்டோபர் 30 அன்று முதல் ஆட்டம்: ராச்செஸ்டர் ராயல்ஸ் 98, பாஸ்டன் 95.

ஒரு சீசனிலேயே அணிச் சராசரி 79.5-லிருந்து 93.1 ஆனது. 1957-58-இல் 106-ஐத் தாண்டியது. கடிகாரம் வந்த 1954-55-இலேயே பாஸ்டன் சராசரியாக 101.4 புள்ளி எடுத்து, சீசன் முழுக்க நூறுக்கு மேல் சராசரி வைத்த முதல் அணியானது. அதே பாஸ்டன் விட்டுக்கொடுத்தது ஆட்டத்துக்கு 101.5, வெற்றி 36, தோல்வி 36. வேகம் மட்டும் ஜெயிக்க வைக்காது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிய லேக்கர்ஸ், மைக்கன் ஓய்வுபெற்ற பிறகு ஆடிய இந்த சீசனில் 40-32 என்று நின்றது.

கடிகாரம் எல்லா வியாதிக்கும் மருந்து என்று சொல்லவரவில்லை. ஒன்பது அணிகளோடு தொடங்கிய அந்த சீசனில் பால்டிமோர் புல்லட்ஸ் 14 ஆட்டம் ஆடிவிட்டு நவம்பர் 27-இல் கலைந்துபோனது. பணத் தட்டுப்பாட்டுக்கு 24 விநாடி என்ன செய்யும்? அது ஆடிய ஆட்டங்களின் கணக்கையே லீக் பதிவிலிருந்து எடுத்துவிட்டது. 1955 பிப்ரவரி 27-இல் பாஸ்டன் 62, மில்வாக்கி ஹாக்ஸ் 57 என்று ஓர் ஆட்டம் முடிந்தது. ஷாட் கிளாக் வந்த பிறகு இரு அணியும் சேர்ந்து எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர் இன்றும் அதுதான். அன்று யாரும் பந்தை ஒளித்து வைக்கவில்லை. எறிந்தார்கள், விழவில்லை. கடிகாரம் ஷாட்டை எறியச் சொல்லும். விழவைக்க அதனால் ஆகாது.

விதி என்ன சாதித்தது என்பதை இறுதிச் சுற்றில் பார்க்கலாம். லீக் சுற்றில் 43-29 என ஒரே கணக்கில் முடித்த சிரக்யூஸும் ஃபோர்ட் வேனும் மோதின. ஃபோர்ட் வேனின் சொந்த அரங்கம் ஒரு பௌலிங் போட்டிக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதால், அதன் 'சொந்த மண்' ஆட்டங்கள் இண்டியானாபொலிஸில் நடந்தன. பௌலிங் முதலாளியின் அணிக்கு எதிராக ஆடப்போய், பௌலிங்கிடமே அரங்கத்தைப் பறிகொடுத்த வேடிக்கை அது. ஆனாலும் ஏழு ஆட்டங்களிலும் அந்தந்த சொந்த அணியே ஜெயித்தது. 1955 ஏப்ரல் 10, ஏழாவது ஆட்டம், சிரக்யூஸில். இரண்டாம் கால்பகுதியில் ஃபோர்ட் வேன் 41-24 என்று 17 புள்ளி முன்னால் இருந்தது. பழைய விதியாக இருந்தால் அங்கேயே பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மணியைப் பார்க்கலாம். புதிய விதியில் 24 விநாடிக்கு ஒருமுறை எறிந்தாக வேண்டும். எறிந்தால் சில தவறும். தவறினால் பந்து எதிரணிக்கு. கொஞ்சம் கொஞ்சமாக சிரக்யூஸ் பிடித்துவிட்டது. 12 விநாடி இருக்கும்போது ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டு 92-91 ஆக்கினார். அடுத்த தாக்குதலில் ஆண்டி ஃபிலிப்பிடமிருந்து பந்தைப் பறித்தவரும் அவரே. விதியைக் கொண்டுவந்தவரின் அணிக்கே கோப்பை போனதில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்திருக்கும்தான். ஆனாலும் சிரக்யூஸ் நியாயமாகத்தான் ஜெயித்தது.

கபடி பார்க்கும் நம் ஊருக்கு இது புதிய தத்துவம் இல்லை. ரெய்டருக்கு 30 விநாடி. புரோ கபடியில் இரண்டு வெற்று ரெய்டு போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் அவுட். சும்மா நின்று நேரம் கடத்துகிறவனைக் கபடி மைதானம் விடுவதில்லை. கூடைப்பந்து மைதானம் மட்டும் ஏன் விட வேண்டும்?

நடைமுறைக்கு வருவோம். "கடிகாரம் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்" என்பது அமைப்பாளர்களின் வழக்கமான பதில். குழப்பம் வருவது உண்மை. எங்கே, ஏன் வருகிறது என்று தெரிந்தால் அதைத் தவிர்க்கலாம்.

பெரும்பாலான குழப்பம் ஒரே இடத்தில்தான்: பந்து கையை விட்டதும் இயக்குபவர் 24-க்கு மாற்றிவிடுகிறார். கூடாது. ஷாட் என்று கணக்கில் வர, மணி அடிக்கும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். பிறகு அது வளையத்தைத் தொட வேண்டும், அல்லது கூடைக்குள் போக வேண்டும். பலகையில் மட்டும் பட்டுத் திரும்பினால் கடிகார ஓட்டம் தொடரும். எதிலும் படாத ஏர்பால் என்றாலும் தொடரும். பிளாக் ஆகி, வளையத்தில் படாமல் அதே அணி எடுத்தாலும் தொடரும். ஆகவே இயக்குபவரின் கண் பந்தெறிபவர் மேல் இருக்கக் கூடாது, வளையத்தின் மேல் இருக்க வேண்டும். வளையத்தில் பட்டதும் நிறுத்தி, திரையை அணைத்துவிடுங்கள். யார் கையில் பந்து முழுதாகச் சிக்குகிறதோ அதைப் பார்த்த பிறகே அடுத்த பொத்தான்: எதிரணி என்றால் 24, எறிந்த அணியே ரீபவுண்ட் எடுத்தால் 14.

அடுத்த தவறு, தட்டியதையும் பிடித்ததையும் ஒன்றாக எண்ணுவது. பாஸின் குறுக்கே எதிரணி கைவைத்துப் பந்து எகிறினால் கட்டுப்பாடு மாறவில்லை, ஓட்டம் நிற்காது. அப்படித் தட்டி வெளியே போய், பந்து மறுபடி அதே அணிக்கு வந்தால் விசிலுக்கு நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே தொடர வேண்டும். இங்கே 24-க்கு மாற்றிவிட்டால் அந்த அணிக்கு இலவசமாக நேரம் கொடுத்ததாகிவிடும். எதிரணி பயிற்சியாளர் மேசைக்கு ஓடி வருவது பெரும்பாலும் இதற்குத்தான்.

ஃபவுல், காலால் உதைத்தல் போன்ற தற்காப்பு அணியின் தவறுக்குக் கணக்கு வேறு. பந்து உள்ளே வருவது தாக்கும் அணியின் பின்பாதியில் என்றால் 24. முன்பாதியில் என்றால் திரையைப் பாருங்கள்: 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படியே தொடரும், 13 அல்லது கீழே என்றால் 14-க்கு ஏற்றுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தாலே பாதிச் சண்டை குறையும்.

மணி அடிக்கும்போது பந்து காற்றில் இருந்தால் நடுவர் அவசரப்படக் கூடாது. வளையத்தில் பட்டால் மணியை மறந்துவிட வேண்டியதுதான், ஆட்டம் போகும். படவில்லை என்றால் விதிமீறல். அப்போதும் எதிரணி உடனே, தெளிவாகப் பந்தைப் பிடித்துவிட்டால் விசில் வேண்டாம். விசில் ஊதினால் அவர்களுடைய ஃபாஸ்ட் பிரேக்தான் கெடும். கால்பகுதி முடிய 24 விநாடிக்குள் புதிதாகப் பந்து கைமாறினால் ஷாட் கிளாக் திரையை அணைத்து வைக்க வேண்டும். தாக்கும் அணியே ரீபவுண்ட் எடுத்து 14-க்கும் குறைவாக இருந்தாலும் அப்படியே. இதை மறந்தால் ஆட்டக் கடிகாரத்தில் 9 விநாடி இருக்கும்போது ஷாட் கிளாக் 14 காட்டிக்கொண்டிருக்கும், ஆட்டக்காரர் எதை நம்புவார்?

நம் ஊர்ப் போட்டிகளுக்கே உரிய ஒரு சிக்கல், ஓடும் நேரம். ஒரே நாளில் எட்டு, பத்து ஆட்டம் முடிக்க வேண்டியிருப்பதால் விசிலுக்கு ஆட்டக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. ஷாட் கிளாக்கை மட்டும் எப்போதும் விசிலுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் ஒன்றை நிறுத்தும் கை இன்னொன்றையும் நிறுத்திவிடும். தனி ஆள், தனிப் பொத்தான். கடைசிக் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்காவது ஆட்டக் கடிகாரத்தையும் நிறுத்தி ஓட்டுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஐந்தாறு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

கருவி. நோட்டீஸில் அடிக்கும் கோப்பைகளின் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை. கடைவாசலில் எழுத்து ஓடும் எல்.இ.டி. போர்டுக்குப் பயன்படும் பி10 பேனல் 32 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 32 செ.மீ. உயரத்தில் இரண்டு இலக்கம் தெளிவாக வரும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு பேனல். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான சிவப்புப் பேனலாகக் கேட்டு வாங்குங்கள். உட்புற வகை மாலை நான்கு மணி வெயிலில் ஒன்றும் தெரியாது. மேற்குப் பார்த்து நிற்கும் போர்டுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் ஒரு சாண் தகர மறைப்பு வேண்டும்.

போர்டு செய்யும் கடையில் வழக்கமாகக் கொடுக்கும் கட்டுப்பாட்டு அட்டையை வாங்கிவிடாதீர்கள். அது கைபேசி ஆப் வழியாக வாசகம் ஏற்றுவதற்கானது. 24-ஐ 14 ஆக்க சில விநாடி எடுத்துக்கொள்ளும், அதற்குள் ஆட்டம் மறுபக்கம் போய்விடும். ஆர்டுயினோ அல்லது ஈ.எஸ்.பி.32 போர்டில், பொத்தானை அழுத்திய கணம் மாறும்படி எழுத வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது நல்ல புராஜெக்ட். பொத்தான்கள் நான்கு: ஓட்டு-நிறுத்து, 24, 14, திரை அணை. 24, 14 பொத்தான்களை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எண் நிற்க வேண்டும், விரலை எடுத்ததும் ஓட வேண்டும். ரீபவுண்டில் பந்து இரண்டு மூன்று கைகளில் தடுமாறும்போது இந்த வசதியின் அருமை தெரியும்.

மேசை நடுக்கோட்டில் இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு முனைக்கும், பக்கக்கோட்டை ஒட்டி 14 மீட்டர், பிறகு முனைக்கோட்டில் கொஞ்சம். பக்கத்துக்கு 25 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையிலிருந்தே 5 வோல்ட் மின்சாரத்தை அவ்வளவு தூரம் இழுத்தால் வழியிலேயே மின்னழுத்தம் விழுந்து எண்கள் மங்கும், சில நேரம் பாதி எண் மட்டும் தெரியும். ஆகவே மின்சாரம் போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மேசையிலிருந்து தகவல் மட்டும் ஆர்.எஸ்.485 முறையில் கேட்-6 கேபிளில் போகட்டும். ஏ, பி இணைப்பு மாறிவிட்டால் திரை உறைந்து நிற்கும், போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கம்பியில்லாமல் வைஃபையில் செய்தால் சோதனையில் அருமையாக ஓடும். இறுதியாட்டத்தன்று நூற்றுக்கணக்கான கைபேசிகள் சுற்றி நிற்கும்போது விக்கும்.

ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. 230 வோல்ட் இணைப்பைக் கூடைக் கம்பத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இரும்புக் கம்பம், வேர்த்து நனைந்த ஆட்டக்காரர், கோடை மழை மூன்றும் சேரும் இடம் அது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யு.பி.எஸ். பேட்டரி ஒன்று, 5 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். இரண்டு இலக்கம் மட்டும் எரிவதால் மின் இழுப்பு குறைவு. மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். பக்கத்துக்கு ஒரு மாற்றுப் பேட்டரி வைத்துக்கொண்டால் ஆட்ட நடுவில் கரண்ட் போய் வந்தாலும் கடிகாரம் நினைவிழக்காது. மின்னொளி விளக்குகளுக்கு இழுக்கும் இணைப்பிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று இதே சமயத்தில் பார்த்துவிடுவது நல்லது.

போர்டைப் பலகைக்கு மேலே மாட்ட வசதியில்லை என்றால் தரையில் ஸ்டாண்டு போட்டு வைக்கலாம். என்.பி.ஏ.வின் முதல் கடிகாரங்களும் தரையில்தான் இருந்தன. எல்லைக்கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு அப்பால், கூடைக்கு நேர் கீழே இல்லாமல் மூலைப்பக்கம் தள்ளி. லே-அப் போட்டு ஓடி வருபவர் மோதும் இடம் எது என்று எந்தச் சிறுவனைக் கேட்டாலும் காட்டுவான், அங்கே வைக்காதீர்கள். ஒலி, ஆட்டக் கடிகார ஒலியிலிருந்து வேறாக இருக்க வேண்டும். ஆட்டக் கடிகாரத்துக்கு மின்மணி என்றால் இதற்கு 12 வோல்ட் பைக் ஹாரன். இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

கருவி எதுவும் இல்லாத இடத்திலும் தொடங்கலாம். கீழ்நோக்கி எண்ணும் ஸ்டாப்வாட்ச் ஒன்று, உரத்த குரலுள்ள ஓர் ஆள். பத்து விநாடி இருக்கும்போது சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டி "பத்து" என்று கத்த வேண்டும், ஐந்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், முடிந்ததும் ஹாரன். கைபேசி ஆப் பயன்படுத்தினால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில்தான் யாராவது கூப்பிடுவார்கள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து "வளையம்", "கன்ட்ரோல்" என்று இரண்டு சொல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் தவறு வெகுவாகக் குறையும்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பள்ளிப் பிரிவுக்கு 24 வேண்டாம், 30 வைக்கலாம். 14-க்கு மாற்றும் கணக்கும் வேண்டாம். வளையத்தில் பட்டால் முழு 30. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவே 1956 முதல் 2000 வரை 30 விநாடியில்தான் சர்வதேசப் போட்டிகளை நடத்தியது. பொடியன்களுக்கு மூன்று பாஸ் போட்டு ஆடப் பழகும் நேரம் கிடைக்கும், மேசையில் உட்காரும் புதியவருக்கும் பழக்கம் வரும். சீனியர் ஓப்பன் பிரிவில் மட்டும் முழு விதி. லீக் சுற்றில் முடியாவிட்டால் கால் இறுதியிலிருந்தாவது.

1954-இல் கடிகாரத்தோடு சேர்த்து இன்னொரு விதியும் வந்ததை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கால்பகுதிக்கு ஆறு அணி ஃபவுல், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் ஃப்ரீ த்ரோ. அது இல்லாமல் கடிகாரம் மட்டும் வந்திருந்தால், 20-ஆவது விநாடியில் கையைப் பிடித்து இழுத்து ஆட்டத்தை உடைத்திருப்பார்கள். இன்றைய விதியில் கால்பகுதிக்கு நான்கு. ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. நம் போட்டிகளில் ஸ்கோர் ஷீட்டில் இது எழுதப்படுகிறது, ஆனால் மைதானத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. ஸ்கோரர் அருகில் ஒன்று முதல் நான்கு வரை எண் அட்டைகளும், நான்காவதுக்குப் பிறகு மேசையின் அந்த அணிப் பக்க முனையில் நிறுத்த ஒரு சிவப்புக் குறியும் வைத்தால் போதும். இதற்குக் கரண்டே தேவையில்லை.

முதல் சில ஆட்டங்களில் பதற்றம் இருக்கும். 1954 வெள்ளோட்டத்திலும் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஒரு பாஸ், ஒரு ஷாட் என்று எட்டு பத்து விநாடியில் எறிந்து தள்ளினார்கள். 24 விநாடி நிறைய நேரம் என்பது ஆடிப் பார்த்த பிறகே புரிந்தது. பயிற்சியில் கோச் செய்யக்கூடியது, ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டு 14-இல் குரல் கொடுப்பது. பந்தைக் கொண்டுவந்து அமைப்புக்குள் நிற்க முதல் எட்டு, பந்து இரண்டு பக்கமும் போய்வர அடுத்த எட்டு, கடைசி எட்டில் ஒரு ஸ்கிரீனும் (எதிரணித் தடுப்பாளரை மறித்து நிற்பது) ஷாட்டும். ஐந்து விநாடி இருக்கும்போது பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்று முன்பே தீர்மானித்துவிட்டால் அரைக்கோட்டிலிருந்து வீசும் கண்மூடி ஷாட்கள் குறையும்.

போட்டி நடத்துவோரிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. அடுத்த கோடைப் போட்டிக்கான நோட்டீஸ் அடிக்கும்போது, நுழைவுக் கட்டணத்துக்கும் கடைசித் தேதிக்கும் கீழே, "சீனியர் பிரிவு கால் இறுதி முதல் 24 விநாடி ஷாட் கிளாக் உண்டு; வளையத்தில் பட்டு அதே அணிக்குத் திரும்பினால் 14" என்று ஒரு வரி சேருங்கள். ஆட்டத்தன்று காலையில் மைக்கில் அறிவித்தால் அது தகராறில்தான் முடியும். ஒரு மாதம் முன்பே தெரிந்தால் அணிகள் பழகிக்கொண்டு வரும். மேசைக்கு ஆள் இல்லை என்றால், முதல் நாள் காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நாங்களே வந்து பழக்கித் தருகிறோம். பந்து, விசில், ஸ்டாப்வாட்ச் மூன்றும் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கூடைப்பந்து நடுவர் பணியும் மேசைப் பணியும் பார்ப்பவர்கள்